வெடி வெடித்த பிறகு கேஸ் என்ன ஆகுது?

(கூட்டமைப்பின் ஊக்குநர் பயிற்சியில் பேசியதிலிருந்து)

போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "ஒவ்வொரு விபத்துக்கும் கேஸ் போடுறாங்க, போர்மேனைப் பிடிக்கிறாங்க. பிறகு என்னதான் ஆகுது?"

நல்ல கேள்வி. சட்டம் இல்லாமல் இல்லை. பொறுப்புதான் சிதறிக் கிடக்கு. பெரிய ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ், அடுத்ததுக்குச் சென்னை, சின்னதுக்கு டி.ஆர்.ஓ. தொழிலாளர் பாதுகாப்புக்கு வேறு துறை. தீயணைப்பு, போலீஸ் தனி. அஞ்சு வீட்டுக்காரங்க ஒரு மாட்டுக்குத் தண்ணி காட்டுற கதைதான். அவர் காட்டியிருப்பார்னு இவர் இருப்பார், மாடு தவிச்சு நிக்கும்.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியை மறக்க முடியுமா? 38 பேருக்குக் குறையாமல் செத்தாங்க. விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமத்தை முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆணை காகிதத்தில் இருந்தது, ரூமுக்குள் வேலை நடந்தது. கேட்டுக்குப் பூட்டுப் போட வேண்டியது யார்? 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்தில் 20 பேருக்கு மேல் போனாங்க. ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது.

ஸ்டேஷனிலும் அதே நிலைதான். திருவிழா பந்தோபஸ்துக்குப் போகிற இன்ஸ்பெக்டரே கொலையையும் விசாரிக்கணும், வெடிவிபத்தையும் விசாரிக்கணும். புலனாய்வைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி 2006-லேயே பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. முதலில் 10 லட்சம் மக்களுக்கு மேல் உள்ள ஊர்களிலாம். சாத்தூருக்கு எப்போ வருமோ!

கேஸ் நிற்பது சாட்சியில். சாட்சி நாமதான். பயம் இருக்கும், பக்கத்து ஆலையில்தானே நாளைக்கு வேலைக்குப் போகணும். அதனால் இப்போதே எழுதி வையுங்க: எந்த ரூம், ரூமில் எத்தனை பேர், சம்பளம் யார் கையிலிருந்து வந்தது, எந்த வேனில் போனீங்க. குத்தகைக்காரர் யார்னு சொல்ல இதுதான் ஆதாரம்.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்குன்னு 90 நாளுக்குள் போலீசே தெரிவிக்கணும். தெரிவிக்கலைன்னா எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு போடுங்க. வக்கீல் வைக்கப் பணமில்லைன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். போன் 15100. தனியாகப் போகாதீங்க, குழுவில் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. மனு நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீங்க.