இராமேசுவரத் தீவின் கரையோர நடை

சூரபதுமனை வதைத்த தோஷம் நீங்க முருகன் சிவனை வழிபட்ட தலம் திருமுருகன்பூண்டி என்று தலபுராணம் கூறுகிறது. அதுபோலவே இராவணனைக் கொன்ற பழி தீர இராமன் வழிபட்ட தலம் இராமேசுவரம். பனியன் கம்பெனிகளுக்குத் தொடர்ச்சியாக விடுமுறை கிடைக்கும்போது திருமுருகன்பூண்டி வட்டாரத்திலிருந்து வேன் பிடித்து இராமேசுவரம் செல்லும் குடும்பங்கள், 22 தீர்த்தங்களில் நீராடி, தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதால், அத்தீவின் மிகப்பெரிய செல்வமான கடற்கரை பெரும்பாலும் நடக்கப்படாமலே கிடக்கிறது.

தீவின் வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. ஆழம் குறைந்து பெரும்பாலும் அமைதியாக இருக்கும் வடகடலை மீனவர்கள் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் வாடைக்காற்று வீசத் தொடங்கினால் பெண் கடலும் சீறும். கரையை ஒட்டி ஓடும் நீரோட்டங்கள் இருபுறமும் மணலைச் சுமந்துவந்து சேர்த்ததில் உருவானதே தனுஷ்கோடி மணல்முனை. அதற்கப்பால் தலைமன்னாரை நோக்கி விட்டுவிட்டுத் தெரியும் மணல்திட்டுகளைத் தீடைகள் என்பர்.

1914 முதல் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகமாக விளங்கிய தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அழித்தது. பயணிகள் ரயிலொன்றும் அலையில் சிக்கியதில் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரை நெருங்கிப் பார்த்தால், கட்டுமானக் கல்லிலேயே பவளப்பூச்சிகளின் நுண்துளைகள் வரிசை வரிசையாகத் தெரியும். கடலில் வளர்ந்த பவளப்பாறையை வெட்டியெடுத்தே அக்காலத்தில் வீடும் கோயிலும் எழுப்பினர்.

இக்கரையில் நடப்பவர் தவறாமல் காண வேண்டியது ஊற்று. அலையடிக்கும் இடத்திலிருந்து சற்றே தள்ளி மணலில் ஆழம் குறைந்த குழி தோண்டி, ஊறிவரும் நன்னீரைச் சிரட்டையாலோ கிண்ணத்தாலோ பெண்கள் மொண்டு குடத்தில் நிரப்புகின்றனர். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது; பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புநீர் மேலேறிவிடும். நீர் வேண்டி ஆயிரம் அடிக்கும் போர் போட்டுப் பழகிய கொங்குநாட்டாருக்கு இது வியப்பூட்டும் கணக்கு. தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள்ளேயே நன்னீர் தரும் வில்லூண்டி தீர்த்தத்தையும், சீதையின் தாகம் தீர இராமன் வில்லை ஊன்றினான் என்ற அதன் கதையையும் இந்த ஊற்றைக் கண்டபின் அறிந்தால், புராணமும் நிலத்தடிநீர் அறிவும் ஒன்றையொன்று விளக்குவதாகவே தோன்றும்.

கரையை நடப்பவர்க்குத் திறந்துவிட்டதற்கு வேறிடத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. மத்தியதரைக் கடலிலுள்ள மெனோர்க்கா என்னும் ஸ்பானியத் தீவில், கடற்கரைக் காவலுக்காகக் குதிரைவீரர்கள் சென்ற பழைய பாதை, நில உடைமையாளர்களின் வேலிகளால் இடையிடையே மறிக்கப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதில் பொதுமக்களின் நடையுரிமையை உறுதிசெய்ததால், இன்று சுமார் 185 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவையே சுற்றிவர முடிகிறது. இராமேசுவரத்துக்கும் அத்தகைய ஒற்றையடிப் பாதை வேண்டும். 2017இல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்ட தார்ச்சாலை வண்டிக்கு உதவுகிறதே தவிர, நடப்பவருக்கு நிழலோ குடிநீரோ தருவதில்லை. ஆனால் படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடற்பாசி காயவைக்கும் இடம் ஆகியவற்றை விட்டு விலகியே அப்பாதை செல்ல வேண்டும். கடல்சார் தேசியப் பூங்காவின் கட்டுப்பாடுகளால் ஏற்கெனவே பாசி எடுக்கும் உரிமை சுருங்கிப்போன அப்பெண்களிடமிருந்து கரையையும் பறிப்பது நியாயமாகாது.

நடக்க விரும்புவோர்க்குத் தை, மாசி மாதங்களின் விடியற்காலை ஏற்றது. பூநாரைகள் வந்து தங்கும் காலமும் அதுவே. அவை இரைதேடும் சேற்றுநிலத்துக்குள் இறங்காமல் தொலைவிலிருந்தே காண்பது நல்லது. அரிச்சல்முனையில் இரு கடலின் நீரோட்டங்களும் மோதுவதால், நீச்சல் தெரிந்தவரும் அங்கு நீரில் இறங்கக் கூடாது.