இளவரசியின் பூட்டும் ஏணிப்படியும்

(பூங்காவின் பின்வாயிலைத் திறக்கக் கோரி நடைபெற்ற பகுதிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூங்காவைப் பற்றிப் பேச ஒரு பொதுக்கூட்டமா என்று ஏளனம் பேசுவோர் உண்டு. விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது, இவற்றை விட்டுவிட்டுப் புல்லுக்கும் பூவுக்கும் மேடை போட்டுவிட்டார்களே என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஒரு நாட்டின் இளவரசியையே பணிய வைத்த பூங்கா வாயில் ஒன்றின் கதையை அவர்களுக்கு விடையாகச் சொல்ல வந்திருக்கிறேன். நாடகக்காரன் கதை கட்டுகிறான் என்று எண்ணிவிடாதீர்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன், வரலாற்று ஏடுகளிலே இருப்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்து நாட்டிலே, இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, ரிச்மண்ட் என்றோர் ஊர். அங்கே மான் வேட்டையாட இடம் வேண்டும் என்று விரும்பினான் மன்னன் முதலாம் சார்லஸ். மன்னன் விரும்பினால் மதில் எழாதா? எழுந்தது! 1637-ல் வளைக்கப்பட்ட அந்த நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். சுற்றுமதில் ஏறத்தாழ 8 மைல். அத்தனையும் அரசனுக்குச் சொந்தமான நிலமா? இல்லை! குடியானவர்களின் வயல் இருந்தது. ஊர்ப் பொதுநிலம் இருந்தது. விற்க மனமில்லாதவர்களும் இருந்தனர். ஊரார் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பு மன்னனின் காதிலே விழுந்தது. ஆகவே, மதிலைக் கட்டிய கையாலேயே வழியும் விட்டான். கால்நடையாகச் செல்வோர் செல்லலாம், ஏழைகள் விறகு பொறுக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. மதிலைக் கடந்து இறங்க ஏணிப்படிகள் அமைந்தன. 1649-ல் மன்னனின் தலை போயிற்று. மக்கள் நடந்த பாதை போகவில்லை.

போக்கடிக்க வந்தவர்கள் பின்னாலே வந்தார்கள். இங்கிலாந்தின் முதல் தலைமை அமைச்சர் எனக் கருதப்படும் ராபர்ட் வால்போல் அவர்களுடைய மகன் அந்தப் பூங்காவுக்குக் காப்பாளராக இருந்த காலத்திலே, ஏணிப்படிகள் எடுக்கப்பட்டன. வாயில்தோறும் காவற்குடில்கள் முளைத்தன. ஆயினும், முகம் தெரிந்தவன், மரியாதையாக உடுத்தியவன் உள்ளே போய்வர முடிந்தது. 1751-ல் அந்தப் பதவிக்கு வந்தார் இளவரசி அமீலியா. இரண்டாம் ஜார்ஜ் மன்னனின் மகள். வந்தார், வாயிலைப் பூட்டினார்! தம் நண்பர்களுக்கும், தாம் சீட்டுக் கொடுத்தவர்களுக்கும் மட்டுமே வழி என்றார். மற்றவர்கள்? நூறாண்டுக்கு மேலாகப் பாட்டனும் பேரனும் நடந்த பாதையை மதிலுக்கு இப்பால் நின்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர்ப் பெரிய மனிதர்கள் வழக்குப் போட்டார்கள், 1754-ல் தோற்றார்கள். அத்தோடு அடங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடங்காத ஒருவர் அவ்வூரிலே இருந்தார். அவர் பெயர் ஜான் லூயிஸ். பீர் காய்ச்சி விற்கும் தொழில் அவருக்கு. (மதுவிலக்குப் பேசும் வாயால் பீர் காய்ச்சியவரைப் புகழலாமா என்று எவரேனும் மடல் எழுதிவிடாதீர்கள், நான் புகழ்வது அவருடைய பீப்பாயை அல்ல, பிடிவாதத்தை.)

அவர் என்ன செய்தார்? 1755-ல் ஒரு நாள், சாட்சிக்கு நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு, ஷீன் வாயிலருகே போய் நின்றார். வண்டி ஒன்று வந்தது, கதவு திறந்தது, வண்டியின் பின்னாலேயே இவரும் நடந்தார். காவற்காரப் பெண்மணி மறித்தாள், சீட்டு எங்கே என்றாள். இந்த வழியே போக எவருக்கும் சீட்டுத் தேவையில்லை என்றார் இவர். போகக்கூடாது என்றாள் அவள். போவேன் என்றார் இவர். அவள் கதவைத் தள்ளினாள். இடித்துக்கொண்டு உள்ளே புகுந்திருக்கலாம் அவர், ஆள் வலிவுள்ளவர்தான். புகவில்லை! கதவு தம் முகத்துக்கு நேரே மூடப்படும்வரை பொறுத்திருந்தார். பிறகு திரும்பிச் சென்று வழக்குத் தொடுத்தார். தோழர்களே, இந்தக் கட்டத்தை ஊன்றிக் கவனியுங்கள். அவருக்கு அன்று வேண்டியது மாலைநேர உலாவல் அன்று. மறுக்கப்பட்டேன் என்பதற்குச் சான்று.

வழக்கிலே எதிரி யார் தெரியுமா? இளவரசி அல்ல! வாயிலில் நின்ற அந்தப் பெண்மணி, மார்த்தா கிரே. பூட்டச் சொன்னவர் மாளிகையில் இருந்தார். பூட்டியவள் கூண்டுக்கு வந்தாள். எங்கும் இதுதான் நடைமுறை. ஆகவே, நம் பூங்கா வாயிலில் அமர்ந்திருக்கும் காவலரோடு எவரும் வாய்ச்சண்டைக்குப் போகக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கும் தொழிலாளி. சாவி அவர் இடுப்பிலே இருக்கலாம், ஆணை அவருடையதல்ல.

1758 ஏப்ரல் திங்களில், நீதிபதி சர் மைக்கேல் ஃபாஸ்டர் முன்னிலையில் விசாரணை. எதிரே நிற்பது அரச குடும்பத்தின் விருப்பம். வழக்காடுவதோ பீர் காய்ச்சுபவர். தீர்ப்பு? கால்நடையாகச் செல்வோருக்கு வழி உண்டு என்பது! அதன் பின்னர் நீதிபதி கேட்டாராம்: உமக்குக் கதவு வேண்டுமா, மதிலைத் தாண்ட ஏணிப்படி வேண்டுமா என்று.

நம்மிலே எவரும் என்ன சொல்லியிருப்போம்? கதவு என்றுதான் சொல்லியிருப்போம். கதவுதானே வசதி, கதவுதானே கௌரவம்! லூயிஸ் யோசித்தார். உள்ளே மான்கள் இருக்கின்றன. ஆகவே கதவு எப்போதும் சாத்தியே கிடக்கும். சாத்திய கதவைக் கண்ட வழிப்போக்கன், இது பூட்டியிருக்கிறது போலும் என்று திரும்பிவிடுவான். நாளடைவில் எவனாவது தாழும் போட்டுவிடுவான். ஏணிப்படியைப் பூட்ட முடியுமா? ஏணிப்படியே வேண்டும் என்றார்!

ஏணி வந்தது. கொடுத்தவர்களின் மனம் போலவே வந்தது: படிக்கும் படிக்கும் நடுவே அத்தனை இடைவெளி, குழந்தையும் முதியவரும் ஏற முடியாதபடி. உரிமை கிடைத்துவிட்டது, ஆனால் கால்தான் எட்டவில்லை! அடுத்த முறை நீதிபதி வந்தபோது லூயிஸ் மீண்டும் எழுந்து நின்றார், முறையிட்டார். நானும் அதைக் கவனித்தேன் என்றார் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த நீதிபதி. குழந்தைகளும் மூதாட்டிகளும் மட்டுமல்ல, கிழவர்களும் ஏறும்படி அமைத்துக்கொள்ளும் என்றாராம்.

பிற்காலத்தில் தேம்ஸ் நதியின் வெள்ளம் அவருடைய தொழிலை அழித்தது, வறுமை வந்தது. ஊரார் மறக்கவில்லை, சந்தா சேர்த்து ஆண்டுதோறும் உதவித்தொகை அளித்தனர். 1792-ல் மறைந்தார். இளவரசி? 1761-லேயே பதவியை விட்டுப் போய்விட்டார். அந்தப் பூங்காவில் இன்றும் மான்கள் மேய்கின்றன. நடந்து வருவோரிடம் நுழைவுக் கட்டணம் கேட்பதில்லை.

இனி நம் பூங்காவுக்கு வருவோம். இங்கே இளவரசி இல்லை, சீட்டும் இல்லை. பின்வாயிலிலே பூட்டு இருக்கிறது, அவ்வளவுதான். முன்வாயில் திறந்துதானே இருக்கிறது என்கிறார் அதிகாரி. இருக்கிறது, பெருஞ்சாலையின் மேல் இருக்கிறது. மதிலை ஒட்டிய நம் தெருவிலிருந்து அந்த வாயிலுக்கு நடந்து பார்த்தேன். லாரியும் பேருந்தும் ஓடும் சாலையை இரண்டிடத்தில் கடக்க வேண்டும். நடைபாதையிலே மின்பெட்டி, அதைச் சுற்ற இறங்கினால் சாலை. ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்புவாளா தாய்? மூட்டுவலிக்கு நடக்கச் சொல்கிறார் மருத்துவர். நடக்கப் போகும் வழியிலேயே கால் முறிந்தால் யார் பொறுப்பு?

வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார்கள். இதோ உங்கள் தெரு, இதோ பூங்கா, இடையிலே ஒரு விரற்கடை என்கிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவுகூட, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், ஐந்து நிமிட நடையில், பசுமைவெளி வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. நமக்கு 30 மீட்டரிலேயே இருக்கிறது என்று பெருமை பேசலாம்! மனிதன் மதிலுக்குள் புகுந்து நடப்பவனாக இருந்தால் அந்தக் கணக்குச் சரி. வாயில் எங்கே என்று பார்க்காமல் எல்லைக்கோட்டைப் பார்த்து அளப்பவரை என்னவென்று சொல்வது?

மூடியதற்குக் காரணம் கேட்டால், இரவில் குடிகாரர் வருகிறார், திருட்டு நடக்கிறது, இரண்டு வாயிலுக்கு இரண்டு ஆள் போட நிதியில்லை என்கிறார்கள். முழுவதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பின்புறத்தில் புட்டிகள் கிடந்ததை நானும் கண்டேன். ஆனால் இரவிலே வருகிறவனுக்காகப் பகலிலே ஏன் பூட்டு? ஆள் நடமாட்டம் உள்ள வாயிலிலா புட்டி உருளும், அடைத்துப் போட்ட மூலையிலா? காலையும் மாலையும் முன்வாயில் திறக்கும் நேரத்தில் இதையும் திறந்து, மூடும் நேரத்தில் இதையும் மூட, இன்னொரு ஆள் எதற்கு?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்க, சென்னை மாநிலமாக இருந்த நாளிலேயே, 1959-ல் சட்டம் இயற்றப்பட்டது. பெங்களூரில், பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது அக்கம்பக்கத்தார் வழக்காடினர். உங்களுக்கென்ன தொல்லை என்று கேட்டவர்களுக்கு, 1991-ல் உச்சநீதிமன்றம் குடியிருப்போருக்கு வழக்காடும் உரிமை உண்டென்று விடையளித்தது. மனை பூங்காவுக்கே என்றது. எடுத்த எடுப்பில் வழக்குமன்றத்துக்கு ஓட வேண்டாம். முதலில் மனு. இப்பகுதி மாமன்ற உறுப்பினர் நம் கட்சிக்காரராயிற்றே, வாய்ச்சொல் போதாதா என்று ஒரு தோழர் கேட்டார். போதாது! நம்மவரானாலும் தேதியிட்டு, கையொப்பமிட்டு, ஒப்புகை வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். லூயிஸ் நண்பரை அழைத்துச் சென்றது எதற்காக?

மனுவிலே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மாடு நுழையாமலிருக்கச் சில பூங்காக்களின் வாயிலில் சுழல் கம்பி வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மாடும் நுழைவதில்லை, சக்கர நாற்காலியும் நுழைவதில்லை, இடுப்பிலே பிள்ளையோடு வரும் தாய் பக்கவாட்டில் நெளிய வேண்டியிருக்கிறது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோக ஏற்றவையாக இருத்தல் வேண்டும் என்று 2016-ல் வந்த சட்டம் சொல்கிறது. ஆகவே, திறக்கப்படும் பின்வாயிலில் சுழல் கம்பி கூடாது. படிக்குப் பதில் சரிவுத்தளம் வேண்டும். திறக்கும் நேரம், மூடும் நேரம் தமிழில் எழுதிய பலகை வேண்டும்.

மனு மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் பெருவிரல் வைக்கலாம். கூச்சப்பட வேண்டாம், அதுவும் கையொப்பமே. செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு, பூட்டிய வாயிலின் முன் கூடி, மண்டல அலுவலகத்துக்கு நடந்தே செல்கிறோம், பூங்காவைச் சுற்றிக்கொண்டுதான். எத்தனை இடத்தில் நடைபாதை அற்றுப்போகிறது, எத்தனை முறை வண்டிக்காக நிற்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு வாருங்கள். அதிகாரி கேட்பார்.