படியேறும் தேகாப்பியாசம்



தேகாப்பியாசம் என்றவுடன், அது வலியவர்களுக்கே உரியதென்று எண்ணி நம்மிற் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அவ்வெண்ணத்தை மாற்றக்கூடிய ஒரு பயிற்சியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் ஸ்டெப் ஏரோபிக்ஸ்.

இருதயமும் சுவாசப்பையும் உடலுக்குப் பிராணவாயுவை இடையறாது ஊட்டும்படி, நெடுநேரம் தொடர்ந்து செய்யத்தக்க பயிற்சியே ஏரோபிக்ஸ். அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் 1968 இல் வெளியிட்ட நூலால் அப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

அதற்கு முன்னரே படியைக் கொண்டு தேகபலத்தை அளந்தார்கள். 1943 இல் வெளியான ஹாவாட் சோதனையில், இளைஞர்கள் 20 அங்குல உயரமான பலகையில் நிமிடத்துக்கு 30 தடவையாக 5 நிமிடம் ஏறி இறங்குவார்கள்; பின்னர் அவர்களுடைய நாடித்துடிப்பு எண்ணப்படும். அது வலியவரைத் தெரிந்தெடுக்கும் படி.

அதனை எல்லோருக்கும் உரியதாக்கியவர் அமெரிக்கப் பயிற்றுநரான ஜின் மில்லர் என்னும் அம்மையார். 1980களின் பிற்பகுதியில் அவருடைய முழங்காலிற் காயம் உண்டாயிற்று. பாற்பெட்டி ஒன்றின்மீது ஏறி இறங்கும்படி வைத்தியர் சொன்னார். அவர் அதனை இசையோடு இணைத்து வகுப்பாக்கினார். றீபொக் நிறுவனத்தின் துணையோடு அது பல நாடுகளுக்கும் சென்றது.

இதில் தாளம் எல்லோருக்கும் ஒன்றே. படியின் உயரம் மட்டும் அவரவர்க்கு ஏற்றது. வலக்கால் மேலே, இடக்கால் மேலே, வலக்கால் கீழே, இடக்கால் கீழே என நான்கு தட்டுக்கு ஓர் ஏற்றம். நிமிடத்துக்கு 120 தட்டானால் 30 ஏற்றம். 4 அங்குலப் படியில் நிற்பவர் 20 நிமிடத்தில் ஏறக்குறைய 60 மீற்றர் ஏறிவிடுகிறார். அருகே 8 அங்குலப் படியில் நிற்பவர் 120 மீற்றர். ஏறும் உயரம் இரண்டு மடங்கு. ஆயினும் இருவர் காலும் ஒரே கணத்தில் விழுகின்றன.

சில விதிகளை மறத்தலாகாது. பாதம் முழுவதும் படியிற் பதிய வேண்டும். ஏறும்போது முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்குமானால் படி அளவுக்கு மிஞ்சியது. இறங்கும்போது படிக்கு அருகிலே முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலைத் தாழ்த்துக. முதலில் எடுத்துவைக்கும் காலை அடிக்கடி மாற்றுக. தாளத்தை மிக விரைவாக்கினால் கால் இடறும். இருதய நோயோ முழங்கால் நோவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும்.

இளைஞர்களே, மூத்தவர்களை நாற்காலியில் இருத்திவிட்டு நாம் மட்டும் பயில வேண்டிய அவசியம் இதில் இல்லை. பெரியோர்களே, படியைத் தாழ்த்திக்கொள்வதில் இழிவேதும் இல்லை. உயரம் குறைந்தாலும் வரிசையில் நில்லுங்கள்.