தலைவலிக்குச் சாட்சி
(திருவாண்டார்கோயில் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். நான் தலைவலியைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டாம்.

நான் வங்கிக் குமாஸ்தா. கைநாட்டு வைப்பவரிடம் சாட்சி கேட்பது எங்கள் வழக்கம். வலிக்குச் சாட்சி எங்கே தேடுவது? வெட்டுக்காயத்தைக் காட்டலாம். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். தலைவலிக்கு நம்ம வாய்ச்சொல் ஒன்றுதான். சேரிப் பெண்ணின் சொல்லை இந்தச் சமூகம் எந்தக் காலத்தில் சாட்சியாக ஏற்றது?

எங்க அம்மா நடவுக்குப் போனவள். மாசத்தில் நாலைந்து நாள் பாதித் தலை பிளக்கும், வாந்தி வரும், வெளிச்சம் ஆகாது. அன்னிக்குக் கூலி போச்சு. ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டினாள். "வெயில்ல நின்னா வலிக்கத்தான் செய்யும்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பத்து மாத்திரை எழுதினார்கள். அப்புறம் பெட்டிக்கடை மாத்திரைதான், தினம் ரெண்டு. கடைசியில் வலிக்காத நாளே இல்லை. வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதம் தாண்டி விழுங்கினால் அதுவே தலைவலியாகும் என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

இது எங்க வீட்டுக் கதை மட்டுமில்லை. நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரிடம் வீடு வீடாகக் கேட்டார்கள். ஓராண்டில் நூற்றுக்கு 25 பேருக்கு ஒற்றைத் தலைவலி. பெண்களுக்கே அதிகம். போய்க் கேட்டதால்தான் தெரிந்தது.

திடீரென்று இடிபோல் வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் விழுவது - இவர்களை உடனே ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். மற்ற பெரும்பாலோருக்கு ஸ்கேன் வேண்டாம், கேள்வி போதும். மாதத்தில் எத்தனை நாள்? வாந்தி உண்டா? வெளிச்சம் தாங்குமா? எத்தனை மாத்திரை போடுகிறாய்? அடிக்கடி வந்தால், வராமல் தடுக்க புரோப்ரனலால் இருக்கிறது. விலை குறைந்த, பழைய மாத்திரை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கென்றே இருக்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு அது ஆகாது. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை சின்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருக்கணும். எங்களை உட்காரவைத்துக் கேட்கணும்.

நாமும் ஒன்று செய்வோம். வலித்த நாளில் காலண்டரில் ஒரு கோடு, மாத்திரை போட்டால் ஒரு புள்ளி. எழுத்து தெரியாதவரும் போடலாம். மூன்று மாதம் கழித்து அந்தக் காலண்டரை டாக்டர் மேசைமேல் வைப்போம்.

சாட்சி கேட்டீர்களே, இந்தாங்க.