நாலாவது இடத்துல ஏன் மனையியல் இல்ல?

நான் புதுச்சத்திரத்துல இருந்து பேசறேன். பல வருஷம் மனையியல் டீச்சரா இருந்தவ. பிளஸ் ஒன் சேர்ற பிள்ளைங்க ஏன் எங்க பாடத்துப் பக்கமே திரும்பறதில்லைங்கறதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

“சோறாக்கச் சொல்லிக் குடுக்க எதுக்குங்க டீச்சர் பள்ளிக்கூடம்?” அப்படின்னு அம்மாக்களே கேப்பாங்க. பசங்களுக்கோ இது பொம்பளப் பிள்ளைங்க பாடம். இந்தக் கூச்சம் நிஜம்தான். ஆனா அதை விடப் பெரிய காரணம் ஒரு கணக்கு.

இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தா நீட் எழுதலாம். நாலாவதா கணிதத்தைச் சேர்த்தா இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் போகலாம். அந்த நாலாவது இடத்துல மனையியல் வந்தா இன்ஜினியரிங் கதவு சாத்திக்கும். பதிலுக்குப் புதுசா ஒரு கதவும் திறக்காது. ஏன்னா, கல்லூரியில ஊட்டச்சத்துப் படிப்புக்கு உயிரியல் படிச்சவங்களையும் சேர்த்துக்கறாங்க. பிளஸ் டூ மார்க்குக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்துல எந்தப் பெற்றோர் இதை எடுக்க விடுவாங்க? சேர ஆள் குறைஞ்சா பாடத்தையே நிறுத்திடறாங்க. அப்புறம் விருப்பப்படற பிள்ளைக்கும் வழியில்ல.

இதுல நஷ்டம் யாருக்குன்னு பாருங்க. நம்ம மாவட்டம் முட்டைக்குப் பேர்போனது. ஒரு முட்டையில சுமார் 6 கிராம் புரதம் இருக்குன்னு எத்தனை வீட்டுல தெரியும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரை உள்ள பெண்கள்ல பாதிக்கு மேல, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரையோட கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தா அதுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல நல்லாச் சேரும், சாப்பிட்ட கையோட டீ குடிச்சா குறையும். இதெல்லாம் மனையியல் வகுப்புல சொல்ற விஷயந்தான். குழந்தை வளர்ச்சி, வீட்டு வரவுசெலவு, துணி, எல்லாமே அதுல வருது.

வேலை இல்லாத படிப்பும் இல்லீங்க. கோயம்புத்தூர்ல 1957-ல மனையியல் கல்லூரியா ஆரம்பிச்ச அவினாசிலிங்கம் இன்னைக்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஆஸ்பத்திரி டயட்டீஷியன், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்னு இந்தப் படிப்புல இருந்து போனவங்க இருக்காங்க.

அதனால பெற்றோர்கிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான். உங்க பிள்ளை இன்ஜினியரிங் போகப்போறதில்லைன்னு தெரிஞ்சா, நாலாவது இடத்துக்குக் கணிதம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. பையனா இருந்தாலும் சரி, மனையியல் இருக்கான்னு பள்ளியில கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் அந்த வகுப்பு நடக்கும்.