கடன் வாங்குறவரும் உறுப்பினர்தான்

(பண்ணைப்புரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறாம, ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதனால சுருக்கமாப் பேசுறேன்.

போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: "இந்தக் குழு, சேமிப்பு, உள்கடன் இதெல்லாம் யாரு கண்டுபிடிச்சது மேடம்? கலெக்டர் ஆபீசுலயா?" எல்லாரும் சிரிச்சோம். ஆனா நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் ஐஃபாட் நிதி உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பித்தன. 1992-ல் நபார்டு வங்கி இணைப்பைக் கொண்டு வந்தது. 1997-ல் மகளிர் திட்டம் வந்தது. இதெல்லாம் பயிற்சியில் நீங்க கேட்டதுதான். பல பேர் சேர்ந்து ஒருத்தர் கடனுக்குப் பொறுப்பு ஏற்கிற வழக்கத்துக்கு இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கிறது. அது ஜெர்மனியில் இருக்கிறது.

1846, 47-ம் ஆண்டுகளில் அங்கே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வெயர்புஷ் என்ற மலைப்பாங்கான கிராமப் பகுதிக்கு ரைஃபைசன் என்ற இளைஞர் மேயராக இருந்தார். நம்ம ஊராட்சித் தலைவர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வசதியானவர்களிடம் பணம் திரட்டித் தானியம் வாங்கினார். ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்புக் கட்டி, குறைந்த விலைக்கு, கடனுக்கும் ரொட்டி கொடுத்தார். பஞ்சம் போன பிறகும் விவசாயிகளுக்கு வட்டிக்காரர் தொல்லை போகவில்லை. மாடு வாங்கக் கடன், விதைக்குக் கடன், கடைசியில் மாடும் போய் நிலமும் போய்விடும். 1849-ல் வேறு ஊரில் ஒரு உதவிச் சங்கம் வைத்தார். பணக்காரர்கள் ஜாமீன் நின்றார்கள். ஏழைகளுக்கு மாடு வாங்கிக் கொடுத்து, தவணையில் பணம் வாங்கினார்கள்.

இதில் ஒரு குறை இருந்தது. ஜாமீன் நின்றவர்கள்தான் சங்கத்து உறுப்பினர்கள். கடன் வாங்கியவர்கள் கை நீட்டுகிறவர்கள் மட்டும்தான். கொஞ்ச வருஷம் போனதும் கொடுக்கிறவர்களுக்கு அலுத்துப் போச்சு. தர்மம் எத்தனை நாளைக்கு ஓடும்? அதை மாற்ற ரைஃபைசனுக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது. 1864-ல் ஹெடஸ்டோர்ஃப் என்ற ஊரில் சங்கத்தைத் திருத்தி அமைத்தார். கடன் வாங்குறவரும் உறுப்பினராக இருக்கணும். ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரிந்த ஒரு சின்ன வட்டாரத்துக்கு ஒரு சங்கம். ஒருத்தர் கட்டாவிட்டால் எல்லார் சொத்தும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. லாபத்தைப் பிரித்துக்கொள்ளாமல் பொது நிதியில் சேர்க்கணும். 1872-ல் இந்தச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மைய வங்கியும் வைத்தன. நம்ம கூட்டமைப்பு மாதிரிதான்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனசில்லை. ரைஃபைசனுக்குக் கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. கடிதங்களைப் படித்துக் காட்டியதும், அவர் சொல்லச் சொல்ல எழுதியதும் அவருடைய மூத்த மகள் அமாலியா. நம்ம குழுவில் கணக்கு எழுதும் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அரசாங்கம் வந்தது. 1889-ல் ஜெர்மனி முழுவதற்கும் கூட்டுறவுச் சட்டம் போட்டார்கள். 1895-ல் பிரஷ்ய அரசு தன் பணத்தைப் போட்டுக் கூட்டுறவுகளுக்கு வங்கி திறந்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சி விவசாயக் கூட்டுறவுகளைத் தன் பிடிக்குள் கொண்டுபோனது. அரசு கை கொடுப்பதும் உண்டு, கை வைப்பதும் உண்டு.

இது நமக்கு எப்படி வந்தது? 1892-ல் சென்னை மாகாண அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஐரோப்பாவில் விவசாயக் கடன் எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதச் சொன்னது. 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ரைஃபைசன் மாதிரி ஆளைத் தேடுங்கள் என்பதுதான் அதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் மாகாணத்தின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது.

ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து, 1951-52-ல் ரிசர்வ் வங்கி நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. விவசாயி வாங்கிய கடனில் நூற்றுக்கு மூன்று ரூபாய்தான் கூட்டுறவிலிருந்து வந்திருந்தது. பெரும்பகுதி வட்டிக்காரரிடமிருந்து. சட்டம் வந்தது, பதிவாளர் வந்தார், ஆனால் சேர்ந்து உட்கார்ந்து பேசும் பழக்கம் வேர் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். நிலம் இருந்தவருக்குத்தான் கடன். கூலிக்குப் போகும் பெண்ணை யார் உறுப்பினராகச் சேர்த்தார்கள்?

இதை ஏன் இப்போ சொல்றேன் என்றால், நம்ம பகுதியில் ஒரு குழு. பேர் வேண்டாம். கூட்டம் போடாமல் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறது. ஒரு லட்சம் வங்கிக் கடன். இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். தவணை நின்றதும் வங்கியிலிருந்து ஆள் வந்தபோதுதான் மற்றவர்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு அம்மா என்னிடம் வந்து, "நான் ஒத்தப் பைசா தொடல மேடம், என் பேர்ல எப்படிக் கடன்?" என்று அழுதார். கையெழுத்து அவருடையதுதான். அந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சரி என்று டிக் போட்டவள் நானும்தான். பக்கம் சுத்தமாக இருந்தது, வருகைப் பதிவு முழுசாக இருந்தது, எனக்கு அது போதும் என்று தோன்றியது. யாரையும் கேட்கவில்லை.

அந்தக் கடன் இன்னும் முழுசாக அடையவில்லை. அந்த அம்மா மாதம் முந்நூறு ரூபாய் கட்டுகிறார்.

இன்றைக்கு வந்திருக்கும் குழுக்கள் எல்லாம் தீர்மானப் புத்தகம் கொண்டு வந்திருக்கீங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் வட்டமாக உட்காருவோம். கடைசியாக வாங்கிய கடன் எவ்வளவு, யார் யாருக்கு எவ்வளவு என்று ஊக்குநரும் பிரதிநிதியும் சொல்ல வேண்டாம். மற்ற உறுப்பினர்கள் சொல்லுங்க. எழுதத் தெரியாதவங்க முதலில் சொல்லட்டும். நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன்.