காடு யாருக்குச் சொந்தம்?

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

தோழர்களே!

காடு அழிவதால் உலகம் சூடாகிறது என்று பேசினால், "கூலிக்கே நாம் போராடும்போது இது எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இதுவும் நிலத்துக்கும் பிழைப்புக்கும் நடக்கும் போராட்டமே. பிரேசில் நாட்டைப் பாருங்கள்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதன் கரியைத் தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. வெட்டிக் கொளுத்தினால் அது மீண்டும் வாயுவாகி வானத்தில் கலக்கிறது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிக் காடழிப்பதால் வருகிறது.

அமேஸான் காட்டை அழித்தது யார்? அங்கே ரப்பர் பால் எடுத்துப் பிழைத்த ஏழைகளா? இல்லை. மாட்டுப் பண்ணை முதலாளிகளும் நிலக் கொள்ளைக்காரர்களும்தான்! ஷாப்புரி என்ற ஊரில் சிக்கோ மெண்டிஸ் என்ற ரப்பர் தொழிலாளி இருந்தார். ஒரு கம்யூனிஸ்டுத் தோழரிடம் எழுதப் படிக்கக் கற்றவர். கிராமத் தொழிலாளர் சங்கத் தலைவர். மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு அணிவகுத்து நின்று மறித்தார்கள். 1988 டிசம்பர் 22-ல் சிக்கோவை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குற்றத்துக்காக ஒரு பண்ணை முதலாளியும் அவன் மகனும் 1990-ல் தண்டிக்கப்பட்டார்கள். அதே ஆண்டில், 9 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு ரப்பர் தொழிலாளரின் பிழைப்புக்கென்று சிக்கோவின் பெயரால் ஒதுக்கப்பட்டது. அது ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை.

2003-ல், உலோகத் தொழிலாளியாக இருந்த லூலா ஜனாதிபதியானார். 2004-ல் அவருடைய சர்க்கார் காடழிப்பைத் தடுக்கத் திட்டம் போட்டது. வானத்தில் சுற்றும் துணைக்கோள் மூலம் கண்காணித்தார்கள். காவற்படை அனுப்பி அபராதம் போட்டார்கள். 2008 முதல், சட்டத்தை மீறும் பண்ணைகளுக்குப் பாங்குக் கடனை நெருக்கினார்கள். பலன் என்ன? 2004-ல் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012-ல் 4,571 மட்டுமே. ஆறில் ஐந்து பங்கு குறைந்துவிட்டது!

இதற்கிடையே ஏழை நாடுகள் உலக மேடையிலும் குரல் எழுப்பின. 2005-ல் மாண்ட்ரீலில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பாப்புவா நியூகினியும் கோஸ்டாரிகாவும் கேட்டன: "நாங்கள் காட்டைக் காத்தால் உலகமே பயனடைகிறது. செலவை நாங்கள் மட்டும் சுமப்பதா?" 2007-ல் பாலி மாநாடு இதை எடுத்துக்கொண்டது. 2013-ல் வார்ஸாவில் விதிகள் வகுத்தார்கள். பிரேசிலின் அமேஸான் நிதிக்கு நார்வே 100 கோடி டாலர் வரை தருவதாக 2008-ல் வாக்களித்தது.

இந்தப் பணத்தைப் பிச்சை என்று எண்ணாதீர்கள், தோழர்களே. இரு நூற்றாண்டுகளாக வானத்தைப் புகையால் நிரப்பிய நாடுகள் பட்ட கடன் இது. நார்வேயும் எண்ணெய் விற்றுச் செல்வம் சேர்த்த நாடுதான். ஆனால் இதில் ஒரு சூழ்ச்சியையும் கவனியுங்கள். பெரும் கம்பெனிகள் எங்கோ காடு காத்ததற்கான சீட்டை விலைக்கு வாங்கிக்கொண்டு, தங்கள் புகைபோக்கியை அணைக்காமலே இருக்கப் பார்க்கின்றன. சீட்டு வாங்கியதால் புகை குறைந்துவிடுமா?

பணம் மட்டும் காட்டைக் காக்காது என்பதற்கும் பிரேசிலே சாட்சி. 2019-ல் பதவிக்கு வந்த போல்சனாரோ சர்க்கார் நிதியின் குழுக்களைக் கலைத்தது, காவலைத் தளர்த்தியது. 2021-ல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023-ல் லூலா திரும்பி வந்தார்; நிதி மீண்டும் இயங்கியது; காவல் இறுகியது. 2024 ஜூலையோடு முடிந்த ஆண்டில் அழிவு சுமார் 6,300 ஆக இறங்கியது.

காடும் அதே காடு. மரமும் அதே மரம். ஆட்சி யார் பக்கம் நின்றது என்பதே வித்தியாசம். பண்ணை முதலாளி பக்கம் நின்றால் காடு எரிகிறது. உழைப்பவன் பக்கம் நின்றால் காடு நிற்கிறது. வெயிலில் முதலில் வாடுவது வயலில் குனிந்து நிற்பவனும் வெப்பத்தில் தறி ஓட்டுபவனும்தான். ஆகவே அந்த ரப்பர் தொழிலாளியின் போராட்டம் நம் போராட்டம்!

காடு, அதில் உழைத்து அதைக் காப்பவனுக்கே!